எண்ணும் பொறியும் எண்ணப்படும் மனிதரும்

அரசாங்கப் பகுப்பாய்வாளர் என்று சொன்னவுடன் இலங்கையில் வாழ்வோர் பலரின் நினைவுக்கு வருவது அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களமே. உணவிற் கலப்படம் உண்டா, மருந்தில் நஞ்சு சேர்ந்ததா, பிடிபட்ட குப்பியில் இருப்பது என்ன திரவம் என்றெல்லாம் சோதித்து நீதிமன்றத்துக்கு அறிக்கை அனுப்புவது அத்திணைக்களத்தின் வேலை. அண்மைக் காலத்தில் வேறொரு வகைப் பகுப்பாய்வாளரும் உலக நாடுகள் பலவற்றின் அரச அலுவலகங்களில் வந்து அமர்ந்திருக்கிறார். அவர் முன்னே குப்பியும் இல்லை, அமிலமும் இல்லை. கடதாசியும் கணினியுமே இருக்கின்றன. செயற்கை நுண்ணறிவு எனப்படும் புதிய கருவியை அரசாங்கம் எந்தக் காரியத்துக்கு ஏற்கலாம், எதற்கு ஏற்கலாகாது, ஏற்பதாயின் எந்த நிபந்தனையோடு ஏற்பது என்று ஆராய்ந்து ஆலோசனை கூறுவது அவர் கடமை. மக்கள் உட்கொள்ளுமுன் சோதித்துப் பார்ப்பது என்ற வகையில் இருவர் தொழிலும் ஒன்றே.

இந்தப் புதிய பகுப்பாய்வாளரின் தொழில் எத்துணைப் பொறுப்பு வாய்ந்தது என்பதைக் கொழும்பிலிருந்து பார்ப்பதிலும் நிலாவெளியிலிருந்து பார்ப்பது நன்று. திருகோணமலை நகருக்கு வடக்கே ஏறத்தாழ 10 மைல் தொலைவில், குச்சவெளிப் பிரதேசத்தில், வெண்மணற் கரையோடு கிடக்கும் ஊர் அது. கரைக்கு எதிரே புறாத்தீவு. சித்திரை முதல் புரட்டாதி வரை அங்கே கடல் குளத்து நீர் போல அடங்கிக் கிடக்கும். கரைவலை இழுப்போரும் படகில் போவோரும் உழைப்பது அக்காலத்திலேதான். வெளிநாட்டு உல்லாசப் பயணிகள் வந்து விடுதிகள் நிறைவதும் அக்காலத்திலேதான். ஐப்பசியில் வானம் கறுத்து வாடைக்காற்று எழுந்துவிட்டால் ஊரின் நடை மாறிவிடும். தோணிகள் கரையேறும். வலைகள் வாடிகளுக்குள் போகும். விடுதிகளில் வேலை செய்தோர் வீடு திரும்புவர். கார்த்திகையும் மார்கழியும் கடைக்காரரின் கடன் கொப்பியிலே எழுதப்படும் மாதங்கள். காதில் கிடந்த தோடு அடகுக்குப் போவதும் அம்மாதங்களிலேதான்.

அவ்வூர் மீனவர் ஒருவரின் கையில் அரசாங்கப் படிவம் ஒன்றைக் கொடுத்து, அதிலுள்ள கேள்வியைப் படித்துக் காட்டுவதாக எண்ணிப் பாருங்கள். கேள்வி மிக எளியது: உமது மாத வருமானம் எவ்வளவு? மீனவர் சற்று நேரம் பேசாதிருப்பார். பின்னர், “எந்த மாதத்தைச் சொல்லுறது, ஐயா?” என்று கேட்பார். படிவத்தில் இருப்பதோ ஒரேயொரு கட்டம். அந்தக் கட்டத்தை நிரப்பியாக வேண்டும். ஆகவே ஏதோ ஒரு தொகை எழுதப்படுகிறது. அந்தத் தொகையே கணினிக்குள் போய், அந்தக் குடும்பத்தின் உண்மையாக அங்கே நின்றுவிடுகிறது.

செயற்கை நுண்ணறிவு என்றால் என்ன என்பதை இங்கே சிறிது தெளிவாக்கிக் கொள்வது பொருத்தமாகும். நெல் வியாபாரி ஒருவர் ஒரு பிடி நெல்லைக் கையிலெடுத்துப் பார்த்து, மூட்டையின் தரம் இன்னதென்று சொல்லிவிடுகிறார். எவரும் அவருக்கு விதிகளை எழுதிக் கொடுக்கவில்லை. ஆயிரக்கணக்கான மூட்டைகளைப் பார்த்த பழக்கம் அது. இக்காலத்துச் செயற்கை நுண்ணறிவும் பெரும்பாலும் அவ்விதமே பழகுகிறது. முன்னைய பதிவுகளை இலட்சக்கணக்கில் அதற்குக் காட்டுகிறார்கள். அவற்றுள் காணப்படும் ஒழுங்கை அது தன்னுள்ளே பதித்துக் கொள்கிறது. புதிதாக ஒன்று வரும்போது அந்த ஒழுங்கைக் கொண்டு ஊகிக்கிறது. ஊகம் பெரும்பாலும் சரியாகவும் இருக்கலாம். ஆனால் அந்த வியாபாரி ஒருபோதும் கண்டிராத நெல்லை அவர் முன் வைத்தால் என்ன ஆகும்? அப்போதும் அவர் ஒரு விலை சொல்வார். அந்த விலையை நம்பலாமா என்பதே கேள்வி.

அரசாங்கங்கள் இக்கருவியை நாடுவதற்குத் தக்க காரணம் இருக்கிறது. மனுக்கள் குவிகின்றன, உத்தியோகத்தர் தொகை குறைவு, மக்கள் மாதக்கணக்கிற் காத்திருக்கிறார்கள். இந்தியாவில் நிதி ஆயோக் 2018 ஆம் ஆண்டில் இதற்கெனத் தேசிய மூலோபாய ஆவணம் ஒன்றை வெளியிட்டது. தமிழ்நாட்டு அரசு 2020 ஆம் ஆண்டில் பாதுகாப்பும் அறமும் பொருந்திய செயற்கை நுண்ணறிவுக்கான கொள்கையை வெளியிட்டது. இலங்கையில் தேசிய மூலோபாயத்தின் வரைவு 2024 ஆம் ஆண்டில் பொதுமக்களின் பார்வைக்கு வைக்கப்பட்டது. இத்தகைய ஆவணங்களின் பின்னால் இருந்து உழைப்பவரே பகுப்பாய்வாளர். அவர் பொறியைச் செய்பவர் அல்லர். சட்டம் இயற்றும் அமைச்சரும் அல்லர். இருவருக்கும் நடுவே அமர்ந்து, திணைக்களங்கள் அனுப்பும் கருத்திட்டங்களைப் படித்து, கேள்வி கேட்பவர்.

அவர் கேட்கும் கேள்விகள் பார்வைக்குச் சிறியவை. இந்தக் காரியத்துக்கு இந்தக் கருவிதான் வேண்டுமா, ஒழுங்கான ஒரு பேரேடும் கூடுதலாக இரண்டு எழுதுவினைஞரும் போதாதா? கருவி எவருடைய பதிவுகளைப் பார்த்துப் பழகியது? அது தவறினால் நட்டப்படுபவர் யார்? தவறு நேர்ந்ததென்று எவருக்கு, எப்போது தெரியவரும்? தெரிந்தபின் அதைத் திருத்த அதிகாரமுள்ளவர் எந்த மேசையில் இருக்கிறார்? இக்கேள்விகளைக் கேளாமல் விட்டதனால் நேர்ந்த தீங்குக்கு அயல் நாடொன்றிலே ஒரு சான்று உண்டு.

இலங்கைத் தமிழர் பலர் சென்று குடியேறிய அவுஸ்திரேலியாவிலே, அரசாங்கத்திடம் உதவிப் பணம் பெற்றோர் கூடுதலாகப் பெற்றுவிட்டனரா என்று கண்டுபிடிக்க 2016 ஆம் ஆண்டளவில் ஒரு தானியங்கி முறை நடைமுறைக்கு வந்தது. ‘ரோபோடெட்’ என்று மக்கள் அதற்குப் பெயரிட்டனர். அம்முறை செய்த கணக்கு, பள்ளிக்கூடப் பிள்ளையும் செய்யக்கூடியது. ஒருவரின் ஆண்டு வருமானத்தை வரித் திணைக்களத்திலிருந்து எடுத்து, 26 ஆல் வகுத்து, ஒவ்வோர் இரு வாரத்திலும் அவர் அந்தச் சராசரியை உழைத்தார் என்று கொண்டது. ஆண்டில் ஆறு மாதம் வேலை செய்து, வேலையற்ற ஆறு மாதத்தில் மட்டும் நேர்மையாக உதவி பெற்ற ஒருவர், அந்தக் கணக்கின்படி உதவி பெற்ற காலத்திலும் சம்பாதித்தவராகக் காணப்பட்டார். ஆகவே அவருக்குக் கடன் அறிவித்தல் போயிற்று. கடன் இல்லை என்று நிரூபிக்கும் பாரமும் அவர் தலையிலேயே விழுந்தது. இவ்வாறு இலட்சக்கணக்கான அறிவித்தல்கள் சென்றன. ஏறத்தாழ 470,000 கடன்களை மீளச் செலுத்துவதாக அந்நாட்டு அரசாங்கம் 2020 ஆம் ஆண்டில் அறிவித்தது. அதனை விசாரித்த அரச ஆணைக்குழு 2023 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அறிக்கை வெளியிட்டு, அம்முறையைக் கடுமையாகக் கண்டித்தது.

இதிற் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அங்கே தவறியது நுட்பமான நுண்ணறிவு அன்று. வெறும் வகுத்தற் கணக்கு. எளிய கணக்கே இவ்வளவு தீங்கு செய்யுமாயின், எவரும் உள்ளே பார்த்தறிய முடியாத சிக்கலான பொறி எவ்வளவு செய்யும் என்பதைப் பகுப்பாய்வாளர் சிந்திக்க வேண்டியவராகிறார்.

அந்த வகுத்தற் கணக்கை நிலாவெளிக்குக் கொண்டு வந்து பார்த்தால் விடயம் தெளிவாகும். ஓர் எடுத்துக்காட்டாக, ஒரு மீனவர் வீட்டிலே நல்ல கடற்காலத்து ஆறு மாதங்களில் மாதம் 60,000 ரூபாவும், வாடைக்காலத்து ஆறு மாதங்களில் மாதம் 4,000 ரூபாவும் கிடைப்பதாக வைத்துக் கொண்டால், ஆண்டு வருமானம் 384,000 ரூபா. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 32,000 ரூபா. கணக்கிலே பிழை இல்லை. ஆயினும் அந்த 32,000 ரூபா, அந்த வீட்டார் எந்த மாதத்திலும் கண்ணாற் காணாத தொகை. ஆடி மாதத்து அரிசியை மார்கழிக்கு எடுத்து வைக்கலாம் என்று சொல்வோர் உண்டு. ஆடியில் வருவது மார்கழிப் பட்டினிக்கு வாங்கிய கடனைத் தீர்க்கவே போய்விடுகிறது என்பதைக் கடன் கொப்பியைப் பார்த்தவர் அறிவர். கரைவலை இழுப்போர்க்கு மாதச் சம்பளம் என்று ஒன்று கிடையாது. பாடு கிடைத்த நாளிலே பங்கு உண்டு. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மேற்குக் கரையிலிருந்து மீனவர் சிலர் கிழக்குக் கரைக்கு வந்து வாடி அமைத்துத் தொழில் செய்து திரும்புவதும் வழக்கம். அவர்களின் வீடு ஒரு மாவட்டத்தில். உழைப்பு வேறொரு மாவட்டத்தில். ஒரே கட்டமுள்ள படிவம் இவர்களை எவ்வாறு விளங்கிக் கொள்ளும்?

இனி, பதிவுகளின் குறைபாடு. இலங்கையிலே முதலாவது குடிசன மதிப்பீடு 1871 ஆம் ஆண்டில் நடைபெற்றது. 1981 ஆம் ஆண்டில் நடந்தபின், யுத்தத்தின் காரணமாக 1991 ஆம் ஆண்டில் நடைபெறவில்லை. 2001 ஆம் ஆண்டில் நடந்தபோது 25 மாவட்டங்களில் 18 இலேதான் முழுமையாக நிறைவேறியது. நிறைவேறாத ஏழு மாவட்டங்களுள் திருகோணமலையும் ஒன்று. அடுத்த மதிப்பீடு 2012 ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. ஆக, 1981 முதல் 2012 வரை 31 ஆண்டுகள் திருகோணமலை மாவட்டத்து மக்கள் ஒருமுறையேனும் முழுமையாக எண்ணப்படவில்லை. அந்த இடைவெளியிலேதான் இடம்பெயர்வு நிகழ்ந்தது. அந்த இடைவெளியிலேதான் 2004 ஆம் ஆண்டு மார்கழி 26 ஆம் நாள் கடற்கோள் வந்து நிலாவெளிக் கரையை அழித்தது. உறுதிகளும் பிறப்புச் சான்றிதழ்களும் பாடசாலை இடாப்புகளும் வெள்ளத்தோடு போன வீடுகள் பல.

பழைய பதிவுகளைப் பார்த்துப் பழகும் பொறிக்கு இத்தகைய இடைவெளி எவ்வாறு தோன்றும்? துன்பம் நிறைந்த காலமாக அது அதனைக் காண்பதில்லை. அங்கே ஒன்றும் இல்லை என்றே காண்கிறது. பதிவுகள் நிறைந்த மாவட்டத்து மனுதாரர் அதற்குத் தெரிந்த மனிதர். பதிவற்ற மாவட்டத்து மனுதாரர் சந்தேகத்துக்குரியவர். யுத்தமும் கடலும் பறித்துச் சென்ற கடதாசிகளின் பொருட்டு அக்குடும்பங்கள் இரண்டாம் முறையும் தண்டிக்கப்படலாம். மேலே கூறிய தமிழ்நாட்டுக் கொள்கை, ஒரு கருவியை ஏற்குமுன் மதிப்பிட வேண்டிய அம்சங்களாக ஏழினை வகுத்தது. பன்மை, நீதி, அறம், தனியுரிமை, தவறான பயன்பாட்டிலிருந்து பாதுகாப்பு, கணக்காய்வு என்பவற்றோடு ஏழாவதாக அது குறித்தது, வசதி பெற்றோர்க்கும் பெறாதோர்க்கும் இடையிலுள்ள இடைவெளியும் தரவுப் பற்றாக்குறையுமாகும். அந்த ஏழாவது அம்சம் கிழக்கிலங்கைக்கென்றே எழுதியது போன்றது.

மொழியும் இவ்வழியே வரும் இன்னொரு கேள்வி. இலங்கையின் அரசியலமைப்பில் 1987 ஆம் ஆண்டு செய்யப்பட்ட பதின்மூன்றாம் திருத்தத்தின் மூலம் தமிழும் அரச கரும மொழியாயிற்று. ஆயினும் இப்பொறிகள் படித்துப் பழகிய எழுத்துகளில் ஆங்கிலமே பெரும்பங்கு. தமிழ் சிறு பங்கு. அந்தச் சிறு பங்கிலும் இலங்கைத் தமிழ் ஒரு துளி. நிலாவெளியில் ஒரு பெண் வைத்தியசாலையில், “அப்பா இரண்டு நாளாகக் கதைக்கிறாரில்லை” என்று சொன்னால், நோயாளிக்குப் பேச்சு நின்றுவிட்டது என்று தாதி உடனே அறிவார். இந்தியத் தமிழை மட்டும் படித்த பொறி, அவர் கதை சொல்வதை நிறுத்திவிட்டார் என்று கொள்ளக்கூடும். தமிழ் தெரியும் என்று விற்பனையாளர் சொல்வது போதாது. எந்தத் தமிழ் தெரியும் என்று பகுப்பாய்வாளர் கேட்டாக வேண்டும்.

இவ்வளவு சொல்வதனால் இக்கருவி தீயதென்று எவரும் முடிவு செய்துவிடலாகாது. வானிலை அறிவித்தலை எடுத்துக் கொள்ளலாம். நடுத்தர வானிலை முன்னறிவிப்புக்கான ஐரோப்பிய நிலையம் செயற்கை நுண்ணறிவினால் இயங்கும் முன்னறிவிப்பு முறையொன்றை 2025 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திலிருந்து நாளாந்த நடைமுறைக்குக் கொண்டு வந்தது. வங்காள விரிகுடாவில் புயல் எழும் வழியை ஒரு நாள் முந்தி அறிந்தால், நிலாவெளித் தோணிகள் ஒரு நாள் முந்திக் கரையேறும். உயிர் காக்கும் இவ்வுதவியை வேண்டாமென்பது அறிவுடைமையாகாது.

எனினும் இரண்டுக்கும் இடையே ஒரு வேற்றுமை உண்டு. மழை வருமென்று சொல்லி வாராவிட்டால் மறுநாளே ஊர் முழுவதற்கும் பிழை தெரிந்துவிடும். பொறியைச் செய்தவரும் அறிந்து திருத்திக் கொள்வர். உதவிப் பட்டியலிலிருந்து ஒரு பெயர் தவறி விடுபட்டால் அந்தப் பிழை அந்த ஒரு வீட்டுக்கு மட்டுமே தெரியும். அவ்வீட்டார் மெலிந்த குரலினர். அவர்கள் முறையிடாவிட்டால், கணக்கு சரியென்றே ஏட்டில் நிற்கும். பிழை தானே வெளிப்படும் இடத்தில் பொறியைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். பிழை மறைந்து கிடக்கும் இடத்தில், அதைத் தேடிக் கண்டெடுக்கும் ஏற்பாட்டை முதலில் அமைத்த பின்னரே பொறியை உள்ளே விடவேண்டும். பகுப்பாய்வாளர் பற்றிக் கொள்ளவேண்டிய அளவுகோல் இதுவே.

இலங்கை மக்கள் இதனை அனுபவத்தில் அறியாதவர்கள் அல்லர். 2023 ஆம் ஆண்டில் அஸ்வெசும நலன்புரித் திட்டம் தொடங்கியபோது, குடும்பங்கள் 22 சுட்டிகளின்படி மதிப்பிடப்பட்டன. அது செயற்கை நுண்ணறிவு அன்று. முன்கூட்டியே வகுத்த அளவைகளால் வறுமையை அளக்கும் முறை. முதற் பட்டியல் வெளிவந்ததும் மேன்முறையீடுகளும் ஆட்சேபனைகளும் இலட்சக்கணக்கிற் குவிந்தன. பிரதேச செயலகங்களின் வாசல்களிலே மக்கள் வரிசையில் நின்றனர். வறுமையை எண்ணால் அளப்பது எத்துணை அரிது என்பதற்கு அந்த வரிசைகளே சாட்சி. முறையிட ஒரு வாசல் இருந்தமையால், அந்தக் குரல்கள் ஏட்டில் ஏறின என்பதையும் மறத்தலாகாது.

2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலே, முழுவதும் தானியங்கி முறையால் எடுக்கப்பட்ட தீர்மானம் ஒருவரின் உரிமைகளை மீளாவகையிற் பாதிக்குமாயின், அதனை மீளாய்வு செய்யுமாறு கோரும் உரிமை எழுதப்பட்டிருக்கிறது. எழுத்தில் உள்ள உரிமை நிலாவெளி வரை நடந்து வருவதற்குக் கால்கள் வேண்டும். மனுவை வாங்கி முத்திரை குத்தி வைப்பவர் மட்டும் போதாது. “பொறி சொன்னது பிழை, இவர்களுக்கு உதவி உண்டு” என்று எழுதிக் கையொப்பமிடும் அதிகாரமுள்ள உத்தியோகத்தர் ஒருவர், தமிழ் தெரிந்தவராக, பஸ்ஸில் போய்த் திரும்பக்கூடிய தூரத்தில் இருக்க வேண்டும். ஒரு நாள் உழைப்பை விட்டுத் தூர நகரத்துக்குப் போனாற்றான் நீதி கிடைக்குமென்றால், வாடைக்காலத்தில் அந்தப் பஸ் கட்டணமே நீதியின் விலையாகிவிடும்.

பகுப்பாய்வாளரின் உண்மையான சோதனை இவ்விடத்திலேதான் வருகிறது. மேலிடம் விரைவை விரும்புகிறது. விற்பனையாளர் ஒளிரும் திரையிலே குறைகாணாத காட்சியைக் காட்டுகிறார். அண்டை நாடு முந்திவிட்டது என்ற பேச்சு எழுகிறது. “ஏற்கலாம்” என்று எழுதினாற் பாராட்டு உண்டு. திறப்பு விழாவும் உண்டு. “இன்னும் ஆயத்தமில்லை; முதலில் ஒரு பிரதேசத்தில் ஓராண்டு நடத்திப் பார்ப்போம், வாடைக்காலமும் அதில் அடங்கட்டும்” என்று எழுதினால் முன்னேற்றத்துக்குத் தடை என்ற பெயர் வரும். நஞ்சைச் சோதிக்கும் அந்தப் பழைய பகுப்பாய்வாளர், குப்பியின் மேல் ஒட்டிய சீட்டைப் பார்த்து அறிக்கை எழுதுவதில்லை. உள்ளிருப்பதைச் சோதித்தே எழுதுகிறார். புதியவரிடமும் நாடு எதிர்பார்ப்பது அந்த நேர்மையையே.

ஆகவே, கொள்கை எழுதும் பகுப்பாய்வாளர் ஒருமுறையாவது மார்கழி மாதத்தில் நிலாவெளிக்கு வருவது நன்று. உல்லாச விடுதிகள் நிறைந்த ஆடி மாதத்தில் வந்தால் ஊரின் ஒரு பாதியையே காண்பார். மழை பெய்யும் ஒரு காலையில், கவிழ்த்து வைத்த தோணிகளின் ஓரமாக நடந்து, கடைக்காரரின் கொப்பியைப் பார்த்து, கிராம உத்தியோகத்தரோடு அரை மணி நேரம் இருந்து பேசினால், எந்த அறிக்கையிலும் கிடையாத சில செய்திகள் அவருக்குக் கிடைக்கும். திரும்பிச் சென்று அவர் செய்யக்கூடிய முதல் திருத்தத்துக்கு நுண்ணறிவுப் பொறி எதுவும் தேவையில்லை. வருமானம் என்று இருக்கும் ஒரு கட்டத்தை இரண்டாக்கி, ஒன்றின் மேல் கடற்காலம் என்றும், மற்றதன் மேல் வாடைக்காலம் என்றும் எழுதினாற் போதும்.

“எந்த மாதத்தைச் சொல்லுறது?” என்று கேட்ட அந்த மீனவர் அரசாங்கத்திடம் விடை கேட்கவில்லை, அரசாங்கத்தின் கேள்வியிலிருந்த பிழையைக் காட்டினார். கேள்வி திருந்தினால், அதனைக் கேட்பது மனிதராயினும் பொறியாயினும், அவர் தம் உண்மையைத் தயங்காமல் சொல்லிவிடுவார்.